குடியுரிமை: ஒரு சொல்லின் இரு பொருள்

மட்டக்களப்புப் பிரதேச இடைநிலை வகுப்புகளில் உரிமைப் போராட்ட வரலாற்றைக் கற்பித்தல் பற்றிய ஒரு விமர்சன நோக்கு

1

மட்டக்களப்பு வாவியின் எழுவான்கரையிலும் படுவான்கரையிலும் வளரும் பிள்ளைகள் 'உரிமை' என்னும் சொல்லை முதன்முதலிற் பாடநூலிலே சந்திப்பதில்லை. கோயில் வீதியிலேயே சந்திக்கின்றனர். இன்றைய திருவிழா எந்தக் குடியாருக்கு உரியது, காளாஞ்சி முதலில் யார் கையிற் சேரவேண்டும், தேர்வடத்தில் யார் கைவைக்கலாம், பறைமேளம் எவ்விடத்தில் நின்று ஒலிக்கவேண்டும் என்பன அவர்கள் எழுத்தறியுமுன்பே அறிந்துகொள்ளும் செய்திகள். தாய்வழியாகத் தொடரும் குடிமுறை இப்பிரதேசச் சமூக அமைப்பிலே பெறும் இடம் ஆய்வாளர் யாவரும் அறிந்ததே. அம்முறையின்கீழ் உரிமை என்பது ஒரு பங்கு. மற்றொரு குடிக்கு இல்லாத பங்கு. பிறருக்கு இல்லாதிருப்பதே அதன் மதிப்புக்குக் காரணமாகும்.

இதே பிள்ளைகள் ஆறாம் வகுப்பை அடைந்ததும் வரலாற்றுப் பாடத்திலும் குடியியற் பாடத்திலும் வேறோர் உரிமையைச் சந்திக்கின்றனர். அவ்வுரிமை எல்லோருக்கும் பொதுவானது. பிறப்பினால் எவருக்கும் கூடுவதுமில்லை, குறைவதுமில்லை. 'குடியுரிமை' என்னும் தொடரைப் பிரித்து நோக்கின் இவ்விரு பொருளும் அதனுள் அடங்கியிருத்தலைக் காணலாம். ஒரு பொருளில் அது குடிக்குரிய உரிமை. மற்றொரு பொருளில் நாட்டின் குடிமக்கள் யாவர்க்கும் உரிய உரிமை. முன்னையது நிலமானிய உறவுகளிலே வேரூன்றியது. பின்னையது அவ்வுறவுகளை எதிர்த்தெழுந்த சனநாயகப் போராட்டங்களாற் பெறப்பட்டது. வரலாற்று நோக்கில் இரண்டும் பகைப்பொருள்கள். ஆயினும் ஒரே பிள்ளையின் உள்ளத்தில் இவை மோதாமல் அருகருகே கிடக்கின்றன. பரீட்சைத்தாளில் ஒன்றையும் கோயில் வீதியில் மற்றொன்றையும் பயன்படுத்த அப்பிள்ளை விரைவிலேயே பழகிக்கொள்கிறது.

இம்மோதலை வகுப்பறைக்குள் நிகழவிடாத எந்தக் கற்பித்தலும் உரிமைப் போராட்ட வரலாற்றைக் கற்பித்ததாகாது என்பதே நமது வாதம். பதினொரு வயதுக்கும் பதினான்கு வயதுக்கும் இடைப்பட்ட மாணவர் வரலாற்றில் ஆர்வங் காட்டுவதில்லை என்பது ஆசிரியர் பலரும் கூறும் முறைப்பாடு. ஆனால், அவ்வயதினரைப்போல் நியாயம் அநியாயம் பற்றி இடையறாது வழக்காடுவோர் பிறரிலர். வரிசையில் முந்தியவர் யார், பந்து யாருடையது, தண்டனை ஏன் ஒருவனுக்கு மட்டும் கிடைத்தது என்று நாள்முழுவதும் விவாதிக்கும் பிள்ளைகள் உரிமை பற்றிய பாடத்திலே உறங்குகின்றனர் என்றால், குறை பிள்ளைகளிடத்து இல்லை. பாடம் சொல்லப்படும் முறையிலேயே உள்ளது. அம்முறையையும், அதற்கு மாற்றாக நமது இலக்கியமும் அரங்கும் தரக்கூடியவற்றையும் ஈண்டு நோக்குவோம்.

2

நமது பாடசாலை வரலாற்றுக் கல்வி நெடுங்காலமாக அரசவம்சங்களையும் குளங்களையும் படையெடுப்புகளையும் மையமாகக் கொண்டு வந்துள்ளது. மக்கள் அதிலே வரி செலுத்துவோராகவோ படையிற் சேர்வோராகவோ மட்டுமே தோன்றுவர். இக்குறைபாடு பலராலும் சுட்டிக்காட்டப்பட்டதே. அதனினும் நுட்பமான ஒரு குறைபாடு உண்டு. அது மொழிநடை சார்ந்தது.

உரிமை பற்றி வகுப்பறைக் குறிப்புகளில் எழுதப்படும் வாக்கியங்களை நோக்குவோம். 1931இல் சர்வசன வாக்குரிமை வழங்கப்பட்டது. 1957இல் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் நிறைவேற்றப்பட்டது. 1971இல் அது திருத்தப்பட்டது. அனைத்தும் செயப்பாட்டுவினை வாக்கியங்கள். வழங்கியவர் யார், கேட்டவர் யார், மறுத்தவர் யார் என்பன இவ்வாக்கியங்களில் இடம்பெறா. இலக்கணத்திலே எழுவாய் மறைந்தால் வரலாற்றிலே மக்கள் மறைகின்றனர். எஞ்சுவது ஆண்டும் சட்டத்தின் பெயருமே. மனனஞ் செய்வதற்கு அவை போதும். மனத்தில் நிற்பதற்குப் போதா.

மறைந்த எழுவாய்களை மீட்டுவைத்தால் அதே செய்திகள் எவ்வாறு மாறுகின்றன என்பதைக் காண்போம். வாக்குரிமை தானே வந்து வாய்த்ததன்று. கொழும்புத் தொழிலாளரை அணிதிரட்டிய ஏ. ஈ. குணசிங்க அதனைக் கோரினார். கற்றோரும் உடைமையாளருமான தலைவர்கள் பலர் அதனை எதிர்த்தனர். நம்மவர் பெரிதும் போற்றும் பொன்னம்பலம் இராமநாதனும் அவ்வாறு எதிர்த்தோருள் ஒருவர். வறியவரும் சாதியாலே தாழ்த்தப்பட்டவரும் பெண்களும் வாக்களிக்கத் தகுதியற்றவர் என்னும் எண்ணம் அக்காலக் கனவான் அரசியலிற் பரந்து காணப்பட்டது. மேலும், 1931இல் வாக்களித்த மலையகத் தோட்டத் தொழிலாளர் இலட்சக்கணக்கானோர் 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தினாலும் அதனைத் தொடர்ந்து 1949இல் வந்த தேர்தற் சட்டத் திருத்தத்தினாலும் நாடற்றவராயினர், வாக்கையும் இழந்தனர். உரிமை படிப்படியாக வளர்ந்துகொண்டே செல்லும் ஒன்றன்று, பெற்றதும் பறிபோகலாம் என்னும் உண்மையை இவ்வோர் உதாரணமே உணர்த்திவிடும். 'கொடுத்தவர் யார், கேட்டவர் யார், தடுத்தவர் யார்' என்னும் மூன்று வினாக்களை ஒவ்வோர் ஆண்டுக்கும் எதிரே எழுதப் பழக்குவது ஆசிரியர் நாளையே தொடங்கக்கூடிய பணியாகும். பாடத்திட்ட மாற்றத்துக்காக அதற்குக் காத்திருக்க வேண்டியதில்லை.

3

உரிமைப் போராட்டம் என்றதும் முதியோரின் படங்களே மாணவர் கண்முன் வருகின்றன. தலைப்பாகையணிந்தவர், மேடையிற் பேசுபவர், சிறை சென்றவர் எனவே அவர்கள் எண்ணுகின்றனர். இளம் பிள்ளைகளே போராட்டத்தின் களமாகவும் கருத்தாவாகவும் இருந்த வரலாறு பெரிதும் சொல்லப்படுவதில்லை. நம் நாட்டிலேயே அத்தகைய வரலாறு உண்டு.

1920களின் பிற்பகுதியிலும் 1930களின் தொடக்கத்திலும் யாழ்ப்பாணக் குடாநாட்டை உலுக்கிய சம ஆசனப் பிரச்சினை அதுவாகும். ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகள் வகுப்பறையில் நிலத்திலே இருக்க, ஏனையோர் வாங்கிலே இருப்பது அக்கால வழமை. உதவி நன்கொடை பெறும் பாடசாலைகளில் எல்லாப் பிள்ளைகளுக்கும் சம ஆசனம் அளிக்கவேண்டும் என்ற முயற்சி எழுந்தபோது கடும் எதிர்ப்பு மூண்டது. சில இடங்களிற் பாடசாலைக் கட்டடங்களே எரிக்கப்பட்டன. 1924இல் மாணவர் காங்கிரசாகத் தோன்றிய யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் தீண்டாமையை எதிர்த்து நின்றமையும் இக்காலத்திலேயே. ஒரு வாங்கின் பொருட்டு ஒரு சமூகம் தீ மூட்டியது என்பதை வாங்கில் அமர்ந்திருக்கும் பிள்ளையிடம் கூறிப்பாருங்கள். அப்பிள்ளை தன் கையால் அவ்வாங்கைத் தொட்டுப்பார்க்கும். வரலாறு புலன்வழி உணரப்படும் தருணம் அது.

டொமினிக் ஜீவா பள்ளிப்பருவத்திலே சாதி இழிவுக்கு ஆளாகிக் கல்வியைத் துறந்தமையைத் தம் சுயசரிதையில் எழுதியுள்ளார். பின்னாளில் 1966 முதல் 'மல்லிகை'யை நடத்தி இலக்கிய உலகிலே தமக்கென ஓர் இடத்தைப் பெற்ற அவரது வரலாறு, வகுப்பறையை விட்டு வெளியே தள்ளப்பட்ட பிள்ளைகள் அனைவரும் எழுத்தாளராவர் என்று ஆறுதல் கூறுவதற்குரியதன்று. தள்ளப்பட்டுத் திரும்பாமற்போன எண்ணற்ற பிள்ளைகளை எண்ணிப்பார்ப்பதற்கே அது உதவவேண்டும்.

காரைதீவிற் பிறந்து, கல்லடி உப்போடையில் 1929இல் சிவானந்த வித்தியாலயத்தை நிறுவிய விபுலாநந்த அடிகளை மட்டக்களப்பு மாணவர் 'யாழ்நூல்' ஆசிரியராகவும் துறவியாகவும் அறிவர். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலே தமிழ்ப் பேராசிரியராயிருந்த காலத்தில் அவர் அயலிலிருந்த திருவேட்களத்தின் ஒடுக்கப்பட்ட மக்கள் குடியிருப்புக்குச் சென்று அங்குள்ள பிள்ளைகளுக்குக் கற்பித்தார். இச்செய்கை மேலோர் சிலரின் வெறுப்பைத் தேடித்தந்தது. சிலை வைத்து விழா எடுக்கும் ஊரில் அடிகளாரின் இப்பக்கம் உரிய அழுத்தம் பெறாமை தற்செயலானதன்று. பண்டிதரைப் போற்றுதல் எவரையும் தொந்தரவு செய்வதில்லை. குடியிருப்புக்குச் சென்ற ஆசிரியரைப் போற்றினால், 'நாம் ஏன் செல்லவில்லை?' என்ற வினா உடனெழும்.

அமெரிக்கக் கறுப்பின மக்களின் போராட்டத்திலிருந்தும் இதற்கு ஒப்பான ஓர் உதாரணம் காட்டலாம். மொன்ற்கொமெரி நகரப் பேருந்தில் எழுந்து இடங்கொடுக்க மறுத்த ரோசா பாக்ஸை உலகறியும். அந்நிகழ்ச்சி 1955 டிசம்பர் 1இல் நடந்தது. அதற்கு ஒன்பது மாதங்கள் முன்னரே, மார்ச் 2ஆந் திகதி, அதே நகரில் கிளோடெற் கொல்வின் என்னும் பதினைந்து வயது மாணவி அவ்வாறே எழ மறுத்துக் கைதானாள். அவ்வேளை பாடசாலையில் அவள் கறுப்பின மக்களின் வரலாற்றைக் கற்றுக்கொண்டிருந்தாள். அடிமைமுறையை எதிர்த்து நின்ற ஹரியற் ரப்மன், சோஜேணர் ட்ரூத் ஆகிய இரு பெண்களும் தன் தோளிற் கைவைத்து எழவிடாது அழுத்தியதுபோல் உணர்ந்ததாகப் பிற்காலத்தில் அவர் நினைவுகூர்ந்தார். பேருந்துகளில் நிறப் பாகுபாட்டைச் சட்டவிரோதமாக்கிய வழக்கின் வாதிகளுள் அவரும் ஒருவர். எனினும் இயக்கத்தின் தலைவர்கள் அவரைத் தங்கள் அடையாளமாக முன்னிறுத்தவில்லை. வகுப்பறை வரலாறு எதனைச் சாதிக்கவல்லது என்பதற்கும், போராட்ட வரலாறுகள்கூடத் தமக்குரியோரைத் தெரிந்தும் தவிர்த்தும் எழுதப்படுகின்றன என்பதற்கும் இந்த ஒரு சம்பவமே சான்று.

4

வகுப்பறைக்கு இவ்வுணர்வைக் கொண்டுவருவதற்கு நமது படைப்புகள் எந்தளவுக்கு உதவும்? இருவேறு வகையான இரு படைப்புகளை எடுத்துக்கொள்வோம்.

முதலாவது மஹாகவியின் 'தேரும் திங்களும்'. 1971இல் மறைந்த இக்கவிஞர், ஊர் கூடி இழுக்கும் தேரின் வடத்தைப் பிடிக்க விரும்பி வந்த ஓர் இளைஞன் பிறப்பின் பேரால் தடுக்கப்பட்டு வீழ்த்தப்படுவதையும், மனித இனம் நிலவைத் தொட்டு மீண்டதையும் அருகருகே நிறுத்துகிறார். இங்கே உரையோ பிரசாரமோ இல்லை. நிலவுக்குச் சென்றவனும் வடம்பிடிக்க வந்தவனும் ஒரே மானிடக் குடும்பத்தின் பிள்ளைகள் என்ற உணர்வு மட்டுமே உண்டு. அறிவியல் வளர்ச்சி தானாகவே சமூக விடுதலையைக் கொண்டுவந்துவிடும் என்னும் எளிய நம்பிக்கையை அது தகர்த்தெறிகிறது. மட்டக்களப்பு மாணவர்க்கு இக்கவிதை மிக நெருக்கமானது. ஏனெனில், தேர்வடம் அவர்கள் கண்ட பொருள், பிடித்த பொருள், அல்லது பிடிக்க விடப்படாத பொருள். வகுப்பில் இதனை வாசித்தபின் எழக்கூடிய முதல் வினா கவிநயம் பற்றியதாக இருக்கவேண்டியதில்லை. நம் ஊர்த் தேர்வடத்தில் யார் யார் கைவைக்கின்றனர், யார் தூரத்தில் நின்று பார்க்கின்றனர் என்பதே அவ்வினா. கவிதை அங்கிருந்து வரலாற்றுக்கு வாயில் திறக்கிறது.

இக்கவிதையின் எல்லையும் குறிப்பிடத்தக்கது. வீழ்ந்தவனுக்காக அதிலே எவரும் எழுவதில்லை. தேர் நின்றவிடத்தே நிற்கிறது. கொடுமையைக் காட்டும் வன்மை அதற்குண்டு. அதனை எதிர்த்த கூட்டுச் செயலை அது காட்டவில்லை. இரங்கக் கற்ற மாணவன் எதிர்க்கவும் கற்கவேண்டுமாயின் அவனுக்கு வேறொரு படைப்பும் வேண்டும்.

மட்டக்களப்பு மண்ணைச் சேர்ந்த சி. மௌனகுருவின் 'சங்காரம்' அவ்விடத்தில் வருகிறது. 1960களின் இறுதியில், வட இலங்கையில் தீண்டாமை எதிர்ப்புப் போராட்டம் கொதித்துக்கொண்டிருந்த காலத்திலே தோன்றிய இந்நாடகம் வடமோடிக் கூத்தின் ஆட்டத்தையும் தாளக்கட்டையும் கைக்கொண்டு, சமுதாயத்தை அடிமைப்படுத்திய அரக்கர்களாகச் சாதி, இனம், மதம், வர்க்கம் ஆகியவற்றை உருவகித்து, உழைப்பாளர் அவர்களை அழிப்பதைக் காட்டுகிறது. பேராதனைப் பல்கலைக்கழகத்தில் சு. வித்தியானந்தன் 1960களில் 'கர்ணன் போர்', 'இராவணேசன்' முதலியவற்றின் வாயிலாக மட்டக்களப்புக் கூத்தை நவீன மேடைக்குக் கொண்டுவந்தார். அவ்வடிவத்துக்குப் புதிய உள்ளடக்கத்தைத் தந்தமை 'சங்கார'த்தின் வரலாற்று முக்கியத்துவமாகும். களரியில் அரசர்க்கே உரியதாயிருந்த வீரத் தாளம் உழைப்பாளிக்கு உரியதாயிற்று. உரிமையின் பழைய பொருளிலிருந்து புதிய பொருளுக்கு மாறும் நிகழ்ச்சி, கலைவடிவத்தின் உள்ளேயே நடந்தேறியது எனலாம்.

ஆயினும் இடைநிலை வகுப்பு மாணவருக்கு இதனை அவ்வாறே கையளிப்பதில் ஒரு சிக்கல் உண்டு. அரக்கனைப் பிள்ளைகள் உடனே இனங்கண்டு வெறுப்பர். கோரப்பல்லும் கொம்பும் உடைய சாதி, அண்டைவீட்டிலோ தம் வீட்டிலோ இருப்பதாக அவர்கள் எண்ணமாட்டார்கள். நடைமுறை வாழ்வில் சாதிக்குக் கோரமுகம் எப்போதும் இருப்பதில்லை. அன்பான பாட்டியின் முகத்துடன், 'அவங்கட வீட்டில தண்ணி குடிக்காத மனே' என்று அது பேசக்கூடும். உருவகம் போராட்டத்தின் திசையைக் காட்டும், முகங்களைக் காட்டாது. ஆதலின் 'சங்கார'த்தை ஆடி முடித்த வகுப்பு, அரக்கருக்கு ஊர்ப்பெயரும் ஆண்டும் இட்டு மீண்டும் ஒருமுறை தானே நாடகம் ஆக்கவேண்டும் என்பது நம் கருத்து. தொடக்கமாக அந்நாடகம் மிகச் சிறந்தது, முடிவாகக் கொள்ளத்தக்கதன்று.

5

ஊர்ப்பெயரும் ஆண்டும் இடத் தொடங்கியதும் கடினமான வினாக்கள் எழும். அவற்றைத் தவிர்த்தலே எளிது, ஆயினும் தவிர்க்கலாகாது.

1628இல் போர்த்துக்கேயர் கட்டி 1638இல் ஒல்லாந்தர் கைப்பற்றிய மட்டக்களப்புக் கோட்டை வாவியின் விளிம்பில் நிற்கிறது. 1961இல் கச்சேரி அக்கோட்டைக்குள்ளேயே இயங்கியது. தனிச்சிங்களச் சட்டத்தை நடைமுறைப்படுத்தியதற்கு எதிராக அவ்வாண்டு பெப்ரவரி 20இல் யாழ்ப்பாணத்திலே தொடங்கிய சத்தியாக்கிரகம் விரைவில் மட்டக்களப்புக்கும் பரவியது. பெற்றோர் வாசிக்கமுடியாத மொழியில் படிவம் தரும் காரியாலயம் என்றால் என்னவென்பது இன்றைய மாணவர்க்கும் எளிதில் விளங்கும். ஏப்பிரலில் அவசரகாலநிலை பிறப்பிக்கப்பட்டு, தலைவர்கள் கைதாகி, போராட்டம் ஒடுக்கப்பட்டது. நாள்தோறும் கடந்து செல்லும் கோட்டை வாயில் ஒருகாலத்தில் உரிமைக் களமாயிருந்தது என்பதை அறிவது இளம் மனத்துக்குப் பெரிய கண்டுபிடிப்பாகும்.

ஆயின், இங்கேயே நின்றுவிட்டால் பாடம் பாதியாகும். மொழியுரிமைக்காகக் கச்சேரி வாயிலில் அமர்ந்த அதே தமிழ்ச் சமூகத்தின் கோயில் வாயில்களில் அடுத்த சில ஆண்டுகளிலே நடந்தது என்ன? 1966 ஒக்ரோபர் 21இல் சுன்னாகத்திலிருந்து புறப்பட்ட தீண்டாமை எதிர்ப்பு ஊர்வலம் பொலிஸ் தாக்குதலுக்குள்ளாயிற்று. 1967இல் தீண்டாமை ஒழிப்பு வெகுஜன இயக்கம் உருவாயிற்று. 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலுள் நுழைய வந்தோரை முன்னாள் அமைச்சர் செ. சுந்தரலிங்கம் தாமே முன்னின்று தடுத்தார். கோயில், பாடசாலை, கடை, ஊர்தி ஆகியவற்றிற் பாகுபாட்டைத் தண்டனைக்குரிய குற்றமாக்கிய 1957ஆம் ஆண்டுச் சட்டம் அப்போது பதினொரு வயதை எட்டியிருந்தது. சட்டம் இருந்தது, வாயில் திறக்கவில்லை, மக்கள் அணிதிரண்ட பின்னரே திறந்தது. இது வடக்கின் கதை, நமக்கென்ன என்று கிழக்கிலுள்ளோர் ஒதுங்குதலும் பொருந்தாது. 1962இல் எவ். எக்ஸ். சி. நடராசா பதிப்பித்த 'மட்டக்களப்பு மான்மியம்' எந்தக் குலத்தவர்க்கு எந்த ஊழியம், எந்தக் குடிக்குக் கோயிலில் எந்த முறை என்று வகுத்துரைப்பதைக் காண்க. இப்பிரதேசப் பறைமேளக் கலைஞரைப் பற்றி மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே 1983இல் வெளியிட்ட கட்டுரையும் ஒடுக்கப்பட்டோரின் இணக்கத்துக்குப் பின்னால் நிற்கும் நிர்ப்பந்தத்தை ஆராய்வதே. கிழக்கிற் சாதி இறுக்கமற்றது என்னும் பெருமிதம் ஆராயாமல் ஏற்கத்தக்கதன்று.

பெண்களின் நிலையும் இங்கு சேர்த்தெண்ணப்படவேண்டியதே. குடி தாய்வழி வருகிறது. வீடு மகளுக்குச் சீதனமாகச் செல்கிறது. ஆனால் கோயிலிலே குடியின் பெயரால் வண்ணக்கராக அமர்பவர் ஆண். களரியிலே பெண்பாத்திரத்தையும் மரபுவழி ஆடியவர் ஆணே. பெண்கள் களரியில் இறங்கத் தொடங்கியமை அண்மைக்கால நிகழ்ச்சி. எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி, 'குடி என் வழியாக வருமென்றால் முறை ஏன் அண்ணனுக்கு?' என்று கேட்பாளாயின், அவள் உரிமை வரலாற்றைக் கற்கத் தொடங்கிவிட்டாள் என்பதில் ஐயமில்லை.

இவையனைத்தினும் கடினமானது இன உறவு பற்றிய வினா. வாவிக்கரையிற் தமிழ்க் கிராமங்களும் முஸ்லிம் கிராமங்களும் மாறிமாறி அமைந்துள்ளன. குடிமுறை முஸ்லிம் மக்களிடையேயும் உண்டு. வயலும் சந்தையும் பொது. ஆனால் பிள்ளைகள் பெரும்பாலும் வெவ்வேறு பாடசாலைகளிற் கற்கின்றனர். வெவ்வேறு துயரங்களை நினைவுகூர்கின்றனர். 1990 ஓகஸ்ற் 3இல் காத்தான்குடிப் பள்ளிவாசல்கள் இரண்டிலே தொழுதுகொண்டிருந்த நூற்றுக்கு மேற்பட்டோரை விடுதலைப் புலிகள் கொன்றனர். அடுத்த மாதம் 5ஆந் திகதி வந்தாறுமூலைக் கிழக்குப் பல்கலைக்கழக வளாகத்திலே தஞ்சம் புகுந்திருந்தோரில் 158 பேரை இராணுவத்தினர் கொண்டுசென்றனர், அவர்கள் திரும்பவில்லை. 9ஆந் திகதி சத்துருக்கொண்டானிலும் அயற்கிராமங்களிலும் குழந்தைகள் உட்பட நூற்றுக்கு மேற்பட்ட தமிழர் கொல்லப்பட்டனர். சில மைல் தூரத்துக்குள், நாற்பது நாட்களுக்குள் நிகழ்ந்தவை இவை. ஒவ்வொரு பாடசாலையும் தன் பக்கத்துத் திகதியை மட்டும் கற்பிக்குமாயின் அதன் பெயர் உரிமைக் கல்வியன்று. பங்கு கேட்கும் பழைய குடிமுறையே புதிய உடுப்பில் வருவதாகும். தன் குடிக்கு மட்டும் உரிய துயரம் என்பதும் ஒருவகைக் கோயில் முறையே.

இதற்கு மாறான முயற்சிகளும் நம் காலத்தில் நிகழ்ந்துள்ளன. 2021 பெப்ரவரி 3 முதல் 7 வரை பொத்துவிலிலிருந்து பொலிகண்டிவரை நடந்த பேரணி, காணாமலாக்கப்பட்டோருக்கும் பறிக்கப்பட்ட காணிகளுக்கும் நீதி கேட்டது. அத்துடன், தொற்றுநோயால் இறந்த முஸ்லிம்களின் உடல்களை எரிக்கவேண்டும் என்ற ஆணையைக் கண்டித்தது. மலையகத் தொழிலாளரின் 1000 ரூபா நாட்சம்பளக் கோரிக்கையையும் தன் கோரிக்கையாக ஏற்றது. கிழக்கிலே முஸ்லிம் மக்கள் அதில் இணைந்தனர். அதன் தலைமை, வர்க்க அடிப்படை ஆகியன விமர்சனத்துக்குரியனவே. ஆனால் ஒருவர் மற்றவரின் உரிமையைத் தன் கோரிக்கைப் பட்டியலில் எழுதியமை சிறு நிகழ்ச்சியன்று. அவ்வாண்டு மார்ச்சு முதல் அத்தகைய உடல்கள் மட்டக்களப்பு மாவட்டத்து ஓட்டமாவடியிலேயே அடக்கஞ் செய்யப்பட்டன என்பதையும் மாணவர் அறிதல் வேண்டும்.

6

இவற்றையெல்லாம் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளிடம் கூறலாமா என்று தயங்குவோர் உளர். தயக்கம் நியாயமானதே. கொலைகளின் விவரங்களை வகுப்பறையில் விரித்துரைக்க வேண்டியதில்லை. வயதுக்கேற்ற அளவு உண்டு. ஆனால் பிள்ளைகள் இவற்றை அறியாதிருக்கின்றனர் என எண்ணுதல் பெரியோரின் கற்பனையே. வீட்டுத் திண்ணையில், பாதி வாக்கியங்களாக, பகையோடு கலந்து அவர்கள் ஏற்கெனவே கேட்டுவிட்டனர். வகுப்பறை மௌனம் சாதிப்பின் திண்ணைக் கதையே வரலாறாக நிலைத்துவிடும். பல்லின வாசகத்தைச் சுவரில் ஒட்டிவிட்டு உள்ளடக்கத்தைத் தவிர்க்கும் 'நல்லிணக்க' விழாக்களும் அம்மௌனத்தின் அலங்கார வடிவங்களே.

எனவே, நடைமுறைக்குச் சில குறிப்புகள். உரிமை வரலாறு கொழும்பிலோ அலபாமாவிலோ தொடங்காமல் மாணவரின் ஊரிலே தொடங்கவேண்டும், ஊரிலே முடியலாகாது. கோயில் அல்லது பள்ளிவாசல் ஒழுங்கு, பாடசாலை நிறுவப்பட்ட வரலாறு, அங்கே முதன்முதலாகச் சேர்க்கப்பட்டோரும் சேர்க்கப்படாதோரும், கிணறு, தேநீர்க்கடை ஆகியவற்றைப் பற்றி முதியோரிடம் கேட்டெழுதுதல் முதற்படி. ஒரே நிகழ்ச்சியை இரு தெருக்களிற் கேட்டு ஒப்பிடுதல் அடுத்த படி. சேகரித்தவற்றைக் கூத்தாகவோ வசந்தனாகவோ சிறுவர் நாடகமாகவோ ஆக்குதல் மூன்றாம் படி. 1970களின் பிற்பகுதி முதல் ஈழத்திலே வளர்ந்த சிறுவர் அரங்கு, ஆடலையும் பாடலையும் கற்றற் கருவிகளாக்கிய அனுபவத்தை நமக்குத் தந்துள்ளது. அதிலே பாத்திரங்களைத் திருவுளச்சீட்டால் வழங்குதல் நன்று. குரல்வளமும் குடிப்பெருமையும் உடையவனே எப்போதும் அரசனாவது பழைய முறை. கொலுவிருக்க வந்தவனும் வாயிலில் நிறுத்தப்பட்டவனும் அடுத்த நாள் இடம்மாறி ஆடும்போது, சட்டநூல் பல பக்கங்களிற் கூறுவதைப் பிள்ளையின் கால்கள் அறிந்துகொள்ளும்.

ஆசிரியரின் பங்கு பற்றியும் ஒன்று கூறவேண்டும். களரியிலே இருவர் பேசுகின்றனர். கட்டியகாரன் அரசன் வரவைக் கூறிவிட்டு நீங்குவான். அண்ணாவியாரோ மத்தளத்துடன் விடியும்வரை களரியிலே நின்று ஒவ்வொரு காலடியையும் கவனிப்பார், தாளம் பிழைத்தால் எடுத்துக்கொடுப்பார், தாமே ஆடமாட்டார். நம் வரலாற்று வகுப்புகளில் இதுவரை கட்டியம் கூறலே மிகுதி. பெரியோர் வந்தனர், சட்டம் தந்தனர், சென்றனர் என்பதே அக்கட்டியம். உரிமை வரலாற்றுக்கு வேண்டியவர் அண்ணாவியாரே.

ஆசிரியர் தனித்து நின்று இதனைச் செய்தல் எளிதன்று. ஊரின் கோயில் நிருவாகத்திலும் பாடசாலை அபிவிருத்திச் சங்கத்திலும் இருப்போர் பெரும்பாலும் ஒரே ஆட்கள். தேர்வடம் பற்றி வினாவெழுப்பிய ஆசிரியருக்கு இடமாற்றம் வரக்கூடும். பரீட்சையை நோக்கி ஓடும் கல்வியமைப்பு இத்தகைய வகுப்புக்கு நேரம் ஒதுக்குவதுமில்லை. வகுப்பறையின் முரண்பாடுகள் சமூகத்தின் முரண்பாடுகளே என்பதை மறந்து, நல்ல கற்பித்தல் முறை ஒன்றே அனைத்தையும் மாற்றிவிடும் என எண்ணுதல் கருத்துமுதல்வாத மயக்கமாகும். ஆசிரியர் சங்கங்களும் பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்கங்களும் அவ்வாசிரியரின் பின்னே நின்றாலன்றி இம்முயற்சி நிலைக்காது. ஆய்வேட்டிலே சாதியைப் பகுத்தாராய்ந்துவிட்டு, ஊர்த் திருவிழாவிலே தம் குடி முறைக்குக் காத்துநிற்கும் கற்றோரைப் பிள்ளைகள் கவனித்துக்கொண்டிருக்கின்றனர் என்பதையும் நாம் மறத்தலாகாது.

குடிக்குரிய உரிமை ஒருவனுக்குக் கிடைத்தால் மற்றவனுக்குக் குறையும். குடிமக்களுக்குரிய உரிமை ஒருவனுக்கு மறுக்கப்பட்டால் அனைவருக்கும் குறையும். இவ்விரு கணக்குகளின் வேறுபாட்டைத் தன் ஊரின் சான்றுகளைக் கொண்டே ஒரு பிள்ளை நிறுவிக்காட்டுமாயின், அவ்வகுப்பிலே வரலாறு கற்பிக்கப்பட்டது என்று நாம் துணிந்து கூறலாம்.